அமைச்சர் இழுத்த லீவர்

அந்தச் சூரிய மின்நிலையத்தில் எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை கருநீலப் பலகைகள். காலையில் கிழக்கே முகம் காட்டி நிற்கும், சாயங்காலம் மேற்கே. நடுவில் எப்போது திரும்பின என்று யாரும் பார்த்ததில்லை, அவ்வளவு நிதானம். புகை கிடையாது, சத்தம் கிடையாது, சுழல்கிற சாமான் ஒன்றுகூடக் கிடையாது. நாட்டுக்குப் பகலில் வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கு இங்கேயிருந்துதான் தேசிய மின்தொகுப்புக்குப் போகிறது என்பதைச் சத்தியம் பண்ணித்தான் நம்ப வைக்க வேண்டியிருந்தது.

சத்தியம் பண்ணுகிற வேலை மைக் மேடத்துடையது. அவள் படித்தது மின்பொறியியல். ஒரு கூட்டத்தில் ஒலிபெருக்கி செத்துப்போக, நன்றியுரை சொல்ல வந்த இவள் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேசித் தொலைத்துவிட்டாள். அடுத்த வாரமே பார்வையாளர் கூடத்துக்கு மாற்றல். கன்னத்தோரம் வளைந்து நிற்கும் மைக் ஒன்றையும் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து காவலாளி முதல் கேன்டீன்காரர் வரை எல்லாருக்கும் அவள் மைக் மேடம்தான்.

வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"எப்பம்மா ஓட்டிக் காட்டுவீங்க?"

"ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு."

"இப்பவா?"

"இப்பவும்தான்."

பலகைகளைப் பார்ப்பார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். தூசி துடைக்கிற பிரஷ் வண்டி பலகை வரிசையின்மேல் ஊர்ந்து போனால் மட்டும் எல்லார் முகத்திலும் உயிர் வரும். அதைப் படம் எடுப்பார்கள். ஊருக்குப் போய், பெரிய பிரஷ் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்வார்கள்.

அவள் கணவர் பல் டாக்டர். இதையெல்லாம் வீட்டில் வந்து புலம்பினால் அவர் சிரிப்பார். "எங்கிட்டயும் அப்படித்தான். வலிக்காம, சத்தமில்லாம முடிச்சு அனுப்பினா, ஒண்ணுமே பண்ணலைன்னு அடுத்த டாக்டர்கிட்ட போறாங்க. மெஷினைக் காதுகிட்ட ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டாப் போதும், கைராசிக்காரர்னு பேரு."

புதிய மின்துறை அமைச்சர் வந்த அன்று இந்தக் கஷ்டம் முற்றிவிட்டது. அவர் அதற்கு முன் துறைமுகத்துறையில் இருந்தவர். அங்கே பொத்தானை அமுக்கினால் கிரேன் ஆகாயத்துக்கு எழும்பும், கப்பல் ஊதும், கூட்டம் கைதட்டும். அந்தச் சுகத்தோடு வந்தவர், கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த, நிலையத்தின் சிறு மாதிரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சட்டைக் கையை லேசாக ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சரி. நான் எதை அமுக்கணும்?"

நிலையத்தின் தலைமைப் பொறியாளர் மேடத்தைப் பார்த்தார். எது சொன்னாலும் 'ஆகட்டும்' என்பவர் அவர். அதனால் நிலையமே அவரை ஆகட்டும் சார் என்றுதான் அழைத்தது. முதல் தடவையாக அவருக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"அமுக்க ஒண்ணும் இல்லைங்கய்யா," என்றாள் மேடம். "சூரியன் வந்தா தானா ஆரம்பிச்சிரும். போனா தானா நின்னுரும்."

"யாரையும் கேக்காமயா?"

"யாரையும் கேக்காதுங்க."

அமைச்சர் பலகைகளை ஒரு மாதிரி பார்த்தார். தனக்குக் கீழே இப்படி ஒரு ஒழுங்கீனம் நடக்கிறதா என்கிற பார்வை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கார்கள் போன பிறகு ஆகட்டும் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அவர் கைக்கு ஏதாவது வேணும்மா."

"பூங்கொத்து கொடுத்தோமே சார்."

"அது வாங்குற கை. நான் சொல்றது செய்யுற கை. அடுத்த மாசம் மறுபடி வர்றாராம். அதுக்குள்ள ஏதாவது பண்ணு."

"சார், எதை இழுத்தாலும் அமுக்கினாலும் இங்க உண்மையில ஒண்ணும் ஆகாதே."

"ஒண்ணும் ஆகாம இருக்கிறதுதாம்மா நமக்கும் வேணும்."

அவளுக்கு ஒரு தம்பி. நாடகங்களுக்கு மேடை அமைப்பது அவன் தொழில். அவன் பட்டறையில் அட்டைக் கோட்டை, பஞ்சு மேகம், கால் உடைந்த சிம்மாசனம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் காதைக் குடைந்தான்.

"இழுத்தா என்ன ஆகணும்க்கா?"

"ஒண்ணும் ஆகக் கூடாது."

"அப்புறம் எதுக்கு?"

"இழுக்கத்தான்டா."

"ஓ, ஆக்டிங்கா. அதைச் சொல்லு முதல்ல." பட்டறையின் கோடியிலிருந்து ஒரு சாமானை இழுத்து வந்து தூசி தட்டினான். ஆளுயர இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் பழைய லாரி கியர்க் கம்பியில் செய்த லீவர், நுனியில் சிவப்புக் குமிழ். "பைத்தியக்கார விஞ்ஞானி ஒருத்தன் உலகத்தை அழிக்கிற சீனுக்குப் பண்ணினது. நாடகம் படுத்திருச்சு. சாமான் நல்ல சாமான்."

லீவரை மேலே தள்ளினான். உள்ளே ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் சேர்ந்து 'கிர்ர்ர்... டக்' என்றது. பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. கீழே இழுத்தான். மறுபடி கிர்ர்ர், டக். சிவப்பு விளக்கு.

"பேட்டரியில ஓடுது. ஒயர் ஒண்ணும் வேண்டாம். நீயே ஒரு தடவை இழுத்துப் பாரேன்."

அவள் இழுத்துப் பார்த்தாள். சொல்லவே வெட்கமாக இருந்தது, ஆனால் கைக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு தடவையும் இழுத்தாள்.

கூடத்தின் நடுவில், பலகைகளைப் பார்க்கிற பெரிய ஜன்னலுக்கு முன்னால் பெட்டியை நிறுத்தினார்கள். மேலே 'இணைப்பு', கீழே 'துண்டிப்பு' என்று பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்டினார் ஆகட்டும் சார். அமைச்சர் வந்தார், பார்த்தார், சட்டைக் கையை ஏற்றினார், துண்டிப்பிலிருந்து இணைப்புக்கு லீவரைத் தள்ளினார். கிர்ர்ர், டக். பச்சை விளக்கு. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் முன்பு எப்படி அடித்ததோ அப்படியேதான் அடித்தது. அமைச்சர் மட்டும் அதைத் தாமே போட்டுவிட்ட மாதிரி பார்த்தார்.

அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். மாமனார் வீட்டார் வந்தால் கூட்டி வந்தார், கட்சிக்காரர்கள் வந்தால் கூட்டி வந்தார். லீவரைப் பிடித்தபடி அவர் நிற்கிற படம் மின்துறைக் காலண்டரில் அட்டைப்படமாக வந்தது. விருந்தாளிகள் போன பிறகு மைக் மேடம் லீவரைச் சத்தமில்லாமல் துண்டிப்புக்கு இறக்கி வைப்பாள், அடுத்தவர் ஏற்ற வேண்டுமே. அது துண்டிப்பில் கிடக்கும்போது நாட்டுக்கு எங்கிருந்து மின்சாரம் போகிறது என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதலில் அவளுக்கு இது உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. கேள்வி கேட்காத கூட்டத்துக்கு விளக்கம் சொல்வது சுலபம்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அதற்கப்புறம்தான் அண்டை நாடுகளின் மின்துறை அமைச்சர்கள் ஒரு பட்டாளமாக வந்தார்கள்.

நல்ல கோடை. வெயில் மண்டையைப் பிளந்தது. கூடத்துக்குள் ஏசி முனகிக்கொண்டிருந்தது. நம் அமைச்சர் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார். லீவரை மேலே ஏற்றி, கைதட்டு வாங்கி முடித்த நேரத்தில், வந்தவர்களில் தாடி வைத்த ஒருவர் சந்தேகம் கேட்டார். இதைக் கீழே இழுத்தால் என்ன ஆகும்?

"நாடே நின்னு போயிரும்," என்றார் அமைச்சர், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கண்ணடித்து.

தாடிக்காரர் நம்பாதவர் மாதிரி புருவத்தை உயர்த்தினார். அது அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "பாக்கறீங்களா? ஒரே ஒரு நொடி," என்று லீவரைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

கிர்ர்ர், டக்.

விளக்குகள் அணைந்தன. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

முதலில் வந்தது கைதட்டல்தான். அதுவரை அந்தக் கூடம் கேட்டிராத கைதட்டல். தாடிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். அமைச்சரும் சிரித்துக்கொண்டே லீவரை மேலே தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. கூடத்தின் விளக்குகள் எரியவில்லை. கீழே இழுத்து மறுபடி மேலே தள்ளினார். கிர்ர்ர், டக். கிர்ர்ர், டக். கைதட்டல் தேய்ந்து தேய்ந்து நின்றது. பேட்டரி புண்ணியத்தில் அந்தப் பெட்டியின் விளக்கு மட்டும் ஒரு பச்சை, ஒரு சிவப்பு என்று மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது.

மைக் மேடம் காதிலிருந்து மைக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். அங்கே பேட்டரியில் திரைகள் ஓடின. ஷிப்ட் பொறியாளர் இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசியோடு நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"மொத்தமும் போச்சு மேடம், நாடு பூரா. எங்கயோ ஒரு பெரிய லைன் சூட்டுல தொய்ஞ்சு மரத்துல பட்டிருக்கு. அதோட பாரத்தைப் பக்கத்து லைன் தாங்கலை. அது போச்சு, அடுத்தது போச்சு, சீட்டுக்கட்டு மாதிரி."

"நம்ம பலகை?"

"தொகுப்போட தாளத்துக்குத்தானே நம்ம மெஷின் ஆடும். தாளமே நின்ன பிறகு யாரோட ஆடுறது? தானா ஒதுங்கிருச்சு. மேலேயிருந்து சொன்னாத்தான் மறுபடி சேர முடியும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொளுத்துகிற வெயிலில் அத்தனை பலகைகளும் வேலையில்லாமல் நின்றன. பார்ப்பதற்கு எப்போதும்போலவே இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது விருந்தாளிகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அமைச்சர் விருந்தினர் அறையில் தனியாக இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லும்மா. நான்தானா?"

அவ்வளவு பெரிய மனிதரின் குரல் அப்படி ஒடுங்கி அவள் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியெல்லாம் என்ன ஆயிருக்கும், ரயிலெல்லாம் எங்கே நிற்கும் என்று அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனார். அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"நீங்க இல்லைங்கய்யா. சத்தியமா இல்லை. அந்த லீவர் எதோடயும் சேரலை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "அப்பாடா! வயித்துல பால் வார்த்தம்மா." பாட்டிலைக் கீழே வைத்தவர், வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எதோடயும்னா?"

"எதோடயும் இல்லைங்கய்யா. உள்ள ஸ்பிரிங்கும் பேட்டரியும்தான்."

"என் மாமனார் வந்தப்ப இழுத்தேனே?"

"அப்பவும்தாங்க."

"காலண்டர்ல?"

"அதுவும்தாங்க."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இங்க வேலை பாக்கிறவங்களுக்கு மட்டும்தாங்க. கேன்டீன்காரர் வரைக்கும்."

அமைச்சர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கோபித்துக் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. திரும்பியபோது குரல் பழையபடி கனத்திருந்தது.

"நாட்டையே நிறுத்தினவன்னா ஜனங்க பயப்படுவாங்க. பொம்மையைப் பிடிச்சு இழுத்தவன்னா சிரிப்பாங்க. பயந்தவன் ஓட்டுப் போடுவாம்மா. சிரிச்சவன் போட மாட்டான்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது சேர்ந்தே இருந்ததுன்னு இருக்கட்டும்."

"ஐயா, அது வந்து..."

"இருக்கட்டும்னேன்."

மறுநாள் வந்த அறிக்கை இப்படி இருந்தது: மின்தொகுப்புக்குப் பேராபத்து வருவதை முன்கூட்டியே உணர்ந்த அமைச்சர், ஒரு நொடியும் தாமதிக்காமல் தாமே லீவரை இழுத்து, நாட்டின் மிகப்பெரிய சூரிய மின்நிலையத்தைக் காப்பாற்றினார். எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன. விருந்தாளிக்கு வேடிக்கை காட்ட நாட்டை இருட்டாக்கிய அமைச்சர் பதவி விலக வேண்டும் என்றன. ஆளுங்கட்சி, லீவரை இழுத்தது சரி என்றது. எதிர்க்கட்சி, இழுத்தது தவறு என்றது. லீவருக்கு நாட்டை நிறுத்துகிற சக்தி உண்டு என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மரத்துக்குக் கட்சி கிடையாது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பொறுமைசாலி. மின்சாரம் பற்றி முன்முடிவுகள் எதுவும் இல்லாதவர். மின்சாரம் பற்றியே ஒன்றும் இல்லாதவர் என்றும் சொல்லலாம். கூடத்திலேயே மேசை நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. லீவரை வெள்ளைத்துணியால் மூடி, அரக்கு முத்திரை வைத்து, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். அமைச்சரின் வக்கீல் ஒரு வல்லுநரைக் கொண்டுவந்தார்; எதிர்க்கட்சி வக்கீல் இன்னொருவரைக் கொண்டுவந்தார். லீவருக்கும் மின்தொகுப்புக்கும் நடுவே மின்சாரம் எந்தெந்த வழியில் போயிருக்கும் என்று இருவரும் படம் போட்டுக் காட்டினார்கள். நாள்கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டு மைக் மேடத்துக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கேன்டீன் பின்பக்கம் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அதுல நீ வேற எதையும் சேர்த்து வைக்கலையே?"

"அக்கா, நீயுமா? உனக்கே இது அடுக்குமா?"

அந்த வாரமே தம்பியையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நல்ல சட்டை போட்டு வந்திருந்தான்.

"இதைச் செய்தது நீங்கதானா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா."

"என்ன நோக்கத்துக்காகச் செய்தீங்க?"

"உலகத்தை அழிக்கிறதுக்குங்க."

கூடத்தில் நாற்காலிகள் சரிந்தன. நிருபர்கள் வெளியே ஓடினார்கள். "நாடகத்துலங்க, நாடகத்துல!" என்று அவன் கத்தியது நிருபர்கள் காதில் விழவில்லை. சாயங்காலச் செய்தியில் அவன் முகம் பெரிதாக வந்தது.

அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் முறை வரும்போது உள்ளதைச் சொல்லிடேன். ஆட்டம் கண்ட பல்லு. எத்தனை நாள் நாக்கால தள்ளிக்கிட்டே இருப்ப?"

அவள் முறை வந்தது. உள்ளதைச் சொன்னாள். அமைச்சரின் 'செய்யுற கை'க்கு ஏதாவது வேண்டும் என்பதற்காகச் செய்தது என்பதை முதலில் சொன்னாள். அது பொம்மை, தான்தான் கொண்டுவந்தது, இத்தனை நாளும் வந்தவர்களிடம் சிரித்த முகத்தோடு அதைக் காட்டியதும் தான்தான் என்றாள். ஆகட்டும் சார் தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அமைச்சரின் வக்கீல் எழுந்தார்.

"பொம்மைங்கிறதுக்கு ஆதாரம்?"

"இழுத்துப் பாத்தா தெரிஞ்சிரும்."

இழுத்துப் பார்ப்பது என்கிற யோசனை இத்தனை நாள் விசாரணையில் யாருக்குமே தோன்றவில்லை. அல்லது தோன்றியவர்கள் வெளியே சொல்லவில்லை. நீதிபதி இரண்டு வக்கீல்களையும் பார்த்தார். மறுபடி நாடு நின்றுபோனால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். முன்னறிவிப்பு கொடுக்காமல் எப்படி என்று இன்னொருவர் கேட்டார்.

அதன் பிறகு நடந்த ஏற்பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆஸ்பத்திரிகளுக்கு ஜெனரேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லித் தகவல் போனது. ரயில்களை ஸ்டேஷன்களில் நிறுத்தி வைத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு அரைநாள் விடுமுறை. லிஃப்டில் ஏற வேண்டாம் என்று வானொலியில் சொன்னார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில், போலீஸ்காரர் அரக்கை உடைத்துத் துணியை எடுத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

"யார் இழுக்கிறது?" என்றார் நீதிபதி.

ஒருவரும் வரவில்லை. வல்லுநர்கள் இருவரும் தங்கள் கருத்து படத்தோடு முடிந்துவிட்டது என்றார்கள். எல்லாம் தெரிந்த ஆகட்டும் சாரே ஓரடி பின்னால் நகர்ந்ததை மேடம் கண்ணால் பார்த்தாள். அந்த ஓரடிதான் அவளுக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

"நான் இழுக்கறேன்," என்றாள்.

நீதிபதி தலையசைத்தார். அவள் போய்ச் சிவப்புக் குமிழைப் பிடித்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கூடத்தில் இல்லை. இருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நிறுத்தி வைத்த ரயில்களில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொண்டாள். இழுத்தாள்.

கிர்ர்ர், டக்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாகக் கிரீச்சிடுவது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் கேட்டது.

"இன்னொரு தரம்," என்றார் நீதிபதி. அவள் ஏற்றி இறக்கினாள். மின்விசிறி சுற்றியது. நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "நான் ஒரு தடவை?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, லீவரை ஏற்றினார். இறக்கினார். ஏற்றினார். அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கு இது," என்றார்.

மேடத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

கமிஷனின் அறிக்கை கெட்டி அட்டையில் வந்தது. ஆய்வு நடந்த நாளன்று லீவர் மின்தொகுப்போடு இணைக்கப்பட்டிருக்கவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது என்றது. ஆகவே சம்பவத்துக்கும் ஆய்வுக்கும் இடைப்பட்ட காலத்தில் யாரோ அதைத் துண்டித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது. இது மிகப் பாரதூரமான குறைபாடு. உடனடியாக மறுபடி இணைக்க வேண்டும். எந்நேரமும் லீவருக்குப் பக்கத்தில் ஆள் இருக்கும்படி மூன்று ஷிப்டுக்கும் பணியிடங்கள் உருவாக்க வேண்டும். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், மரம் குறித்து வனத்துறையின் கருத்தைக் கேட்கலாம் என்று ஒரு வரி இருந்தது.

அமைச்சரைத் துணைப் பிரதமராக்கினார்கள். ஆபத்து நேரத்தில் கை நடுங்காதவர் என்று அவருக்குப் பெயர். தம்பிக்கு ஓர் அணைக்கட்டிலிருந்தும் ஒரு குடிநீர் வாரியத்திலிருந்தும் ஆர்டர் வந்தது. வாரியத்துக்காரர்கள் சத்தம் இன்னும் கனமாக வேண்டும் என்று கேட்டார்களாம். லீவருக்கு நியமிக்கப்பட்டவர்கள் சேர்ந்த முதல் மாதமே ஆபத்துப் படி கேட்டுப் போராடத் தொடங்கினார்கள்.

மைக் மேடத்துக்கும் ஓர் உத்தரவு வந்தது. உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் லீவரை இழுத்தது குற்றம். நீதிபதி தலையசைத்தது எழுத்தில் சேராது. தண்டனையாக, பொதுமக்கள் கண்ணில் படாத பணிக்கு மாற்றப்படுகிறாள். கட்டுப்பாட்டு அறை, பகல் ஷிப்ட். ஆகட்டும் சார் உத்தரவைத் தானே கொண்டுவந்து நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மைக்கை ஒயர் சுற்றி மேசையில் வைத்தாள். அவள் இடத்துக்குக் குரல்வளம் உள்ள ஒரு பையன் வந்திருந்தான்.

லீவரை இணைக்கிற வேலையும் கட்டுப்பாட்டு அறையின் தலையில்தான் விழுந்தது. "எதோட இணைக்கிறது?" என்று ஷிப்ட் பொறியாளர் தலையைச் சொறிந்தார். உத்தரவில் அது இல்லை. கூடத்து வாசலில் ரொம்ப நாளாகக் காய்ந்து கிடந்த நீரூற்று ஒன்று உண்டு. அவள் நிலத்தடியில் ஒயர் இழுத்து, லீவரை அதன் மோட்டாரோடு சேர்த்துவிட்டாள். இப்போது ஏற்றினால் தண்ணீர் எழும்புகிறது, இறக்கினால் அடங்குகிறது. பார்வையாளர்கள் பிரஷ் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

புது வேலையில் சேர்ந்த சில நாளில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில், தெற்குப் பக்கத்திலிருந்து பெரிய மேகக் கூட்டம் ஒன்று ஏறி வந்தது. திரையில் உற்பத்திக் கோடு சரியத் தொடங்கியது. அவள் ஸ்பூனை வைத்துவிட்டு மின்தொகுப்பு மையத்தைக் கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரு ஆண்குரல். முகம் தெரியாது.

"மேகம் வருதுங்க. பாதிக்கு மேல விழும்."

"எவ்வளவு நேரம் நிக்கும் மேடம்?"

அவள் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "கால் மணி நேரம் இருக்கும். வால் பக்கம் மெல்லிசா இருக்கு."

"சரிங்க, அணையில தண்ணி திறக்கச் சொல்லிடறேன். லைன்லயே இருங்க."

அவள் இருந்தாள். நிழல் பலகைகளின்மேல் வரிசை வரிசையாக ஏறியது. கோடு இறங்கிக்கொண்டே போனது. எங்கேயோ ஒரு அணையில் மதகு திறந்து, தண்ணீர் விழுந்து, சக்கரம் வேகம் எடுத்திருக்க வேண்டும். தொகுப்பின் துடிப்பைக் காட்டும் எண் ஒரு நூலளவு தாழ்ந்து, தயங்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. நாட்டில் ஒரு மின்விசிறிகூட வேகம் குறைந்திருக்காது.

"பிடிச்சாச்சு," என்றது குரல். "சாப்பிட்டாச்சா மேடம்?"

"இனிமேதான்."

"சாப்பிடுங்க. மேகம் போனதும் கூப்பிடுங்க."

அவள் போனை வைத்துவிட்டு டப்பாவை இழுத்துக்கொண்டாள். சோறு ஆறிப் போயிருந்தது. பசியில் அது தெரியவில்லை.